காணிக்கையை ஏலம் விடுதல்: அன்பினால் கொடுப்பது எது?

போடிநாயக்கனூரில் ஒருவர் ‘ஏலத்துக்குப் போறேன்’ என்றால் எந்த ஏலம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டுக்கு மேலே தோட்ட வேலைக்குப் போகிறவரும் அப்படிச் சொல்லலாம். உலர்த்திய காயை விலைபேச ஊருக்குள் இருக்கும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்துக்குப் போகிறவரும் சொல்லலாம். செடிக்குப் பெயரான ஏலம் பழைய சொல். விலைகூறி விற்கும் ஏலம் போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது. இரண்டும் இந்த ஊரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

மூன்றாவது ஏலம் ஒன்றும் உண்டு. தமிழகத்தின் சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று வாழைத்தார், பூசணி, தேங்காய், சேவல், வீட்டில் சுட்ட பலகாரம் எல்லாம் காணிக்கையாக வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். சந்தையில் ஐம்பது ரூபாய் பெறாத பூசணி ஐந்நூறுக்குப் போகும். கேட்டவர் பெயரைச் சொல்லிக் கைதட்டுவார்கள். அந்தப் பூசணியைக் கடவுளுக்குக் கொடுத்தவர் யார்? கொல்லையில் காய்த்ததை இடுப்பில் வைத்துத் தூக்கிவந்த மூதாட்டியா, பத்து மடங்கு விலைக்கு எடுத்த வியாபாரியா? அவர் கொடுத்தது அன்பினாலா, பக்கத்தில் நின்று போட்டிக்குக் கேட்டவரை விட்டுக்கொடுக்க மனமில்லாமலா?

கிறிஸ்தவக் கொடை அன்பிலிருந்து வர வேண்டும் என்பதில் எந்தச் சபைக்கும் மறுப்பு இல்லை. அந்த அன்பை எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்பதில்தான் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. கொடுப்பவரின் உள்ளத்தைப் பார் என்பவர்கள் உண்டு, கொடுத்ததன் பயனைப் பார் என்பவர்கள் உண்டு. வாங்கியவரை அது எந்த நிலையில் விட்டுச் செல்கிறது என்று பார்க்கச் சொன்னவர்கள் குறைவு. அந்தக் குறைவான கூட்டத்தில் தமிழர் சிலர் இருந்தார்கள் என்பதே இக்கட்டுரை அழுத்திச் சொல்ல விரும்புவது.

எருசலேமுக்குப் போன பணம்

இந்த வழக்கின் மூல ஆவணம் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டு, ஒன்பதாம் அதிகாரங்கள். கி.பி. 50களில், எருசலேமில் வறுமைப்பட்டிருந்த விசுவாசிகளுக்காகக் கிரேக்கப் பகுதிச் சபைகளில் அவர் பணம் திரட்டினார். முன்மாதிரியாக அவர் காட்டியது செல்வர்களை அல்ல. கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே எங்கள் பங்கையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மன்றாடிய மக்கெதோனியச் சபைகளை. இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை, உங்கள் அன்பு மெய்தானா என்று பார்க்கவே சொல்கிறேன் என்கிறார். அதே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரமோ இன்னும் கடுமையானது. உள்ள சொத்தையெல்லாம் ஏழைகளுக்குச் சோறாகப் போட்டுவிட்டாலும் அன்பு இல்லாவிட்டால் அது வீண். கொடையும் அன்பும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கக்கூடும் என்பது இதிலிருந்து தெரிகிறது. சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

இதைப் படித்தவர்கள் பெரும்பாலும் கொடுப்பவரின் மனதையே தோண்டினார்கள். சுவீடன் நாட்டு இறையியலாளர் ஆண்டர்ஸ் நைகிரன் 1930களில் எழுதிய பெருநூல் இதன் உச்சம். கிறிஸ்தவ அன்பு எதையும் நாடாதது, வாங்குபவரின் தகுதியைப் பாராதது, தன்னலத்தின் நிழல்கூடப் படாதது என்று அவர் வரையறுத்தார். பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்லியிருந்தார். மனித சமூகங்களில் திரும்பிவராத கொடை என்று எதுவும் இல்லை. கொடுத்தல், வாங்குதல், திருப்பித் தருதல் மூன்றும் ஒரே வளையம் என்பது அவர் முடிவு. பிற்காலத்தில் பிரெஞ்சு மெய்யியலாளர் டெரிடா இதை இன்னும் முறுக்கினார். கொடுத்தவருக்கே அது கொடை என்று தெரிந்துவிட்டால் அக்கணமே அது கொடையாக இல்லாமல் போய்விடுகிறது என்றார். கேட்க அழகான வாதம்தான். ஆனால் பசித்தவன் முன்னால் நின்று சொல்லக்கூடிய வாதம் அல்ல.

ஜான் பார்க்லே 2015இல் வெளியிட்ட ‘பவுலும் கொடையும்’ பற்றிய ஆய்வு இந்த இழுபறியைச் சற்றுத் தளர்த்தியது. தகுதி பாராமல் கொடுப்பது வேறு, உறவை எதிர்பாராமல் கொடுப்பது வேறு என்று அவர் பிரித்தார். பவுலின் காலத்து மனிதர்கள் கொடையை உறவின் தொடக்கமாகவே கண்டார்கள். பதிலுக்கு ஒன்றும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ‘தூய’ கொடை அவர்களுக்கு அந்நியமானது. இந்தப் பார்வையோடு படித்தால் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் ஓர் இடம் கண்ணில் படும். திரட்டிய பணத்தை எருசலேமியர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஜெபிக்கும்படி பவுல் கேட்கிறார். வாங்குகிறவர்கள் மறுத்துவிடுவார்களோ என்ற அச்சம் கொடுக்கிறவருக்கு! வாங்குபவருக்கும் ஒரு தன்மதிப்பு உண்டு என்று தெரிந்தவருக்கே அந்த அச்சம் வரும்.

ஏழை விதவை போட்ட இரண்டு காசுகளைப் பற்றிய சர்ச்சையையும் இங்கே சேர்க்கலாம். அது பாராட்டு என்றே காலம் காலமாகப் பிரசங்கம் செய்யப்பட்டது. 1982இல் அடிசன் ரைட் என்ற அறிஞர், அந்தக் காட்சிக்குச் சற்று முன்புதான் விதவைகளின் வீடுகளை விழுங்குவோரை இயேசு கண்டிக்கிறார் என்பதைச் சுட்டிக்காட்டி, அது பாராட்டு அல்ல, புலம்பல் என்றார். எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் அதன் பிறகு, அந்தக் காசு எந்தப் பெட்டிக்குப் போயிற்று என்று கேட்காமல் அந்தப் பகுதியைப் படிப்பது கடினமாகிவிட்டது.

தமிழ் மொழிபெயர்ப்பும் இந்த வழக்கில் ஒரு சாட்சி. எருசலேமுக்கான அந்தப் பணத்தைப் பழைய தமிழ் வேதாகமம் ‘தர்மப்பணம்’ என்கிறது. தர்மம் என்ற சொல் தமிழரிடம் கடமையையும் புண்ணியத்தையும் பிச்சையையும் ஒருசேரச் சுமப்பது. அன்பைப் பற்றிய வாதம் அந்தச் சொல்லுக்குள் குடியேறியபோது, அங்கே ஏற்கெனவே வேறு சிலர் குடியிருந்தார்கள்.

பாவம் தீர்க்கும் பிச்சையும் பாவம் தீர்ந்த நன்றியும்

மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் ஏழைக்கு இடும் பிச்சை பாவத்தைக் கழுவும் என்று எழுதினார். நான்காம் நூற்றாண்டின் பசிலியாரும் பொன்வாய் யோவானும் வேறு பக்கம் திரும்பினார்கள். உன் அலமாரியில் தேவைக்கு மேல் கிடக்கும் துணி ஏழையினுடையது, அதைக் கொடுப்பது கொடையல்ல, கடனைத் திருப்புவது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டையும் இணைத்து, பிச்சையிடுதல் இரக்கத்தின் வழியாக வெளிப்படும் அன்பின் செயல் என்று வகுத்தார். பதினாறாம் நூற்றாண்டில் லூதர், நற்செயலால் மீட்பு வராது, மீட்கப்பட்டவனிடமிருந்து நற்செயல் தானாக வரும் என்று மேசையைப் புரட்டினார்.

பிச்சை பாவம் தீர்க்கும் என்ற தரப்பின் பலவீனம் வெளிப்படையானது. ஏழை, செல்வரின் ஆன்மாவைக் கரையேற்றும் தோணியாகிவிடுகிறார். தோணி எப்போதும் ஆற்றிலேயே கிடக்க வேண்டும். லூதர் தரப்பின் பலவீனம் மெல்ல வெளிப்பட்டது. நன்றி தானாகப் பொங்கும் என்றால், பொங்காத இடத்தில் என்ன செய்வது? சபையாரிடம் காணிக்கை வசூலிக்கும் சந்தா நோட்டு அந்த இடத்தில்தான் பிறந்தது.

தமிழ் மண்ணில் இந்த இரு தரப்புகளையும் பிரிக்கும் கோடு காகிதத்தில்தான் தெளிவாக இருக்கிறது. கத்தோலிக்கர் அந்தோணியாருக்கு நேர்ச்சை வைத்து அசனம் போடுகிறார்கள். சீர்திருத்தச் சபையார் பிள்ளைக்கு வேலை கிடைத்தால் பொருத்தனையும் ஸ்தோத்திரக் காணிக்கையும் செலுத்துகிறார்கள். தேனி மாவட்டப் பகுதியில் கத்தோலிக்கர் மதுரை உயர்மறைமாவட்டத்தையும், பெரியகுளத்தை ஒரு நிலையமாகக் கொண்ட அமெரிக்க மதுரை மிஷனின் வழிவந்தவர்கள் சி.எஸ்.ஐ. மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தையும் சேர்ந்தவர்கள். கணவாயைத் தாண்டினால் கேரளத்துச் சிரியன் கத்தோலிக்கக் குடியேறிகளின் ஆலயங்கள் வந்துவிடும். மூன்று மரபின் இறையியலும் வேறு வேறு. ‘வேண்டிக்கொண்டேன், கிடைத்தது, கொடுக்கிறேன்’ என்ற கணக்கு மட்டும் மூன்றிலும் ஒன்று.

கொடைமடம்

கிறிஸ்தவம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலைத்தொடர் கொடையைப் பற்றி யோசித்துவிட்டது. போடிக்கு வடகிழக்கே நீளும் பழனி மலைப் பகுதியை ஆண்ட பேகன், குளிரில் நடுங்கும் என்று மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்பவர் இன்றும் உண்டு. புலவர்கள் அந்த அறியாமையையே புகழ்ந்து ‘கொடைமடம்’ என்றார்கள். பொதியில் மலைத் தலைவன் ஆய் பற்றிப் புறநானூற்றில் ஏணிச்சேரி முடமோசியார் பாடியது அதைவிடக் கூர்மையானது. இங்கே செய்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை விற்கிற வணிகன் அல்லன் அவன், சான்றோர் போன வழி என்பதால் கொடுத்தவன் என்பது அதன் கருத்து. சிப்ரியானின் கணக்கை அவர் பெயரே தெரியாமல் மறுத்த குரல் அது. வள்ளுவரும் இல்லாதவருக்குக் கொடுப்பதை மட்டுமே ஈகை என ஒப்பி, மற்றதையெல்லாம் எதிர்பார்ப்பின் கணக்கில் எழுதினார்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் சுவிசேஷத்தின் அன்பை இந்தச் சொற்களின் வழியாகவே புரிந்துகொண்டார்கள் என்று கருத இடமுண்டு. மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை 1876–78 தாதுவருடப் பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றியதும், சைவரான கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் புகழ்ந்து பாடியதும் இதற்கு நல்ல சான்று. அந்தப் புகழ்ச்சிக்கு மதம் தேவைப்படவில்லை. வள்ளல் என்ற பழைய நாற்காலி காலியாகக் கிடந்தது, அதில் அவரை அமர்த்தினார்கள்.

உரசலும் இங்கேதான். தமிழ் அறம் புகழைக் கொடையின் இயல்பான விளைவாக ஏற்றுக்கொள்கிறது; ஈந்து புகழோடு வாழச் சொல்கிறது. மத்தேயுவின் ஆறாம் அதிகாரமோ வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்கிறது. இரண்டையும் கேட்டு வளர்ந்த சபைகளில் மின்விசிறி இறக்கையிலும் குழல்விளக்கிலும் உபயதாரர் பெயர் எழுதியிருப்பதில் வியப்பில்லை. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் முதலியோர் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழையின் வீட்டுக்கே போய், சத்தமில்லாமல் உதவும் முறையைப் பங்குகளுக்குக் கொண்டுவந்தது. கல்வெட்டுக்கு மாற்றாக அது நீடிக்கிறது. ஆனால் கல்வெட்டைத் தோற்கடித்துவிட்டது என்று சொல்ல முடியாது.

கஞ்சியும் ஞானஸ்நானமும்

அதே தாதுவருடப் பஞ்சம் வேறொரு கேள்வியையும் எழுப்பியது. அந்த ஆண்டுகளில் திருநெல்வேலிச் சபைகளில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். கொடுத்தவர்கள் அன்பினால் கொடுத்தார்களா, ஆள் சேர்க்கக் கொடுத்தார்களா? வாங்கியவர்கள் கிறிஸ்துவுக்காக வந்தார்களா, கஞ்சிக்காக வந்தார்களா? இடையன்குடி மிஷனெரி கால்டுவெல் இதற்கு அளித்த பதில் ஒளிவுமறைவற்றது. நாட்டுப்புறத்து ஏழைகளிடம் தொடக்கத்திலேயே உயர்ந்த நோக்கத்தை எதிர்பார்ப்பது பேதைமை, உயர்ந்த நோக்கம் கற்றபின் வரும் என்பது அவர் நிலை. நேர்மையான பதில்தான். ஆனால் உயர்ந்த நோக்கம் என்பது கற்றவனின் சொத்து என்ற நினைப்பும் அதற்குள் படுத்திருக்கிறது. மக்கெதோனியர் கதை நேர் மாறாகச் சொல்கிறது.

ஜே. வாஸ்காம் பிக்கெட் 1933இல் வெளியிட்ட கூட்டு மதமாற்றம் பற்றிய ஆய்வு, வந்தவர்களின் நோக்கங்களை வகைப்படுத்த முயன்றது. நோக்கங்கள் கலந்தே இருக்கும் என்பதையே அது பெரிதும் காட்டியது. காந்தி ‘ஹரிஜன்’ இதழில் தொடர்ந்து எதிர்த்து எழுதினார். மருத்துவமும் கல்வியும் கொடுப்பதென்றால் கொடுங்கள், அதன் நுனியில் தூண்டில் வேண்டாம் என்பதே அவர் கோரிக்கை. அன்பு எதையும் எதிர்பாராதது என்ற கிறிஸ்தவர்களின் அளவுகோலைக் கொண்டே அவர்களை அளந்தார் என்பதால் அந்த விமர்சனம் ஆழமாகத் தைத்தது. எதிர்த்தரப்பு கேட்டதும் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. ஒடுக்கப்பட்ட ஒருவர் கல்வியும் மரியாதையும் கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால், அதை ஆசைக்கு மயங்கியது என்று சொல்ல யாருக்கு உரிமை? அவருக்குச் சொந்த அறிவு இல்லையா?

இந்த வாதம் பின்னர் சட்டத்தின் மொழிக்குள் போனது. தமிழக அரசு 2002இல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் ஆசைகாட்டி மதம் மாற்றுவதையும் குற்றமாக்கி, பரிசுப் பொருளையும் பணத்தையும் அந்த வரையறைக்குள் கொண்டுவந்தது. 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. கொடையின் உள்நோக்கத்தை இறையியலாளர்களே 2,000 ஆண்டுகளாக நிறுவ முடியாதபோது காவல் நிலையம் எப்படி நிறுவும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைச் சிக்கல்.

எடின்பரோவில் ஒரு திருநெல்வேலிக்காரர்

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்கே ஒன்றைப் பார்த்தார்: அந்தச் சிறிய தீபகற்பத்துத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே பணம் திரட்டித் தமிழகக் கரையில் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிச் சபை அதைவிடப் பெரிது, வயதிலும் மூத்தது. இத்தனை ஆண்டும் வாங்கிய அந்தச் சபை இன்னும் எதையும் கொடுக்கவில்லை என்ற உறுத்தல் அவருக்கு ஏற்பட்டது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே சாமுவேல் பாக்கியநாதன் ஹைதராபாத் நிஜாமின் நாட்டிலிருந்த தோர்ணக்கலுக்குப் போனார். வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை, இந்தியப் பணமும் இந்திய ஆட்களும் மட்டுமே என்பது சங்கத்தின் ஏற்பாடு.

1910 ஜூனில் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசினார். அவருக்கு அப்போது 35 வயது. பவுலின் அதே 13ஆம் அதிகாரத்தை எடுத்து மிஷனெரிகளின் பக்கமே திருப்பினார். பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் கேட்பது அன்பு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அந்த உரையின் உச்சம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்தும், இந்திய ஊழியர்களை வீட்டுக்கு அழைத்து உடன் உட்காரவைத்து உண்ணாத மிஷனெரிகளைப் பற்றியும் பேசினார். அவையில் பலருக்கு அது கசந்தது.

இந்த உரையைப் பெரும்பாலும் இனப்பாகுபாட்டைப் பற்றிய முறையீடாகவே படிக்கிறார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான். கொடை பற்றிய கோட்பாடாகவும் அதைப் படிக்க முடியும். கொடுத்தவர்களின் தியாகத்தை அவர் ஐயப்படவில்லை. அவர்களுடைய நோக்கத்தைத் தோண்டவும் இல்லை. வாங்குகிறவன் எங்கே உட்காருகிறான் என்று மட்டும் கேட்டார். ஒரே பந்தியில் உட்கார வைக்காத கொடை எவ்வளவு பெரிதானாலும் பவுல் சொன்ன அந்த ‘வீண்’ பட்டியலுக்குள் விழும். பின்னாளில் தோர்ணக்கல் ஆயராக, 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயராக அபிஷேகம் பெற்ற அவர், கிறிஸ்தவக் கொடை பற்றித் தனி நூலே எழுதினார். வறியவர்களும் கொடுக்க வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். கொடுக்க அனுமதிக்கப்படாதவன் வீட்டுப் பிள்ளையல்ல, வாசலில் நிற்கும் இரவலன் என்ற உணர்வு அதன் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

அசரியாவுக்கு முன்னோடிகள் உண்டு. 1830இல் மிஷனெரி ரேனியுஸ் திருநெல்வேலியில் நிறுவிய தர்ம சங்கம், புதிதாகச் சபைக்கு வந்து ஊரை விட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியிருப்பு அமைக்க நிதி திரட்டியது. அவர் காலத்துக் குடியிருப்புகளில் ஒன்று டோனாவூர். நிலத்துக்குப் பணம் அனுப்பிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர் அது. உபயதாரர் பெயர் குழல்விளக்கில் மட்டுமல்ல, ஊரின் மேலேயே எழுதப்பட்டது! அதே டோனாவூரில்தான் பிற்காலத்தில் ஏமி கார்மைக்கேல், யாரிடமும் பணம் கேட்பதில்லை என்ற நெறியோடு குழந்தைகளை வளர்த்தார். ஒரே ஊரில் கொடையின் இரண்டு எல்லைகள்.

சி.எம்.எஸ். சங்கத்தின் ஹென்றி வென்னும் அமெரிக்க போர்டின் ரூபஸ் ஆண்டர்சனும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், சபைகள் தம்மைத் தாமே ஆள வேண்டும், தாங்க வேண்டும், பரப்ப வேண்டும் என்ற கொள்கையை வகுத்திருந்தார்கள். ஆண்டர்சன் 1855இல் மதுரை மிஷனுக்கே நேரில் வந்தவர். ஆனால் அவர்கள் வகுத்த ‘தற்சார்பு’ பெரும்பாலும் நிர்வாகக் கணக்காகவே இறங்கியது: போதகருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? அந்தக் கணக்குக்குள் அன்பு எங்கே இருக்கிறது என்பது எளிதில் மறந்துபோகும்.

மறக்காமல் வைத்திருந்தது, பார்க்கப்போனால், அடுப்படிதான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து ஆலயத்துக்குக் கொண்டுபோகும் பிடியரிசிக் காணிக்கை தென்னிந்தியாவில் பல சபைகளுக்குப் பொது. கேரளத்தில் சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் (1805–1871) பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடப் பிடியரியைத் திரட்டினார். மிசோரத்தில் பிரெஸ்பிட்டேரியன் பெண்கள் 1910 முதல் இதே பழக்கத்தை வளர்த்துச் சபையின் பெரும் வருவாயாக்கினார்கள். பிடி என்பது வசதியான அளவு: இருப்பவளுக்கும் இல்லாதவளுக்கும் கை ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் பணம் புழங்குவது ஆண் கையில் என்றாலும் அரிசிப் பானை பெண் கையில் இருந்தது. தன் பெயரில் சந்தா எழுத முடியாதவர்கள் கொடுப்பவர்களானது இந்தப் பானையின் வழியாகத்தான். இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அந்த ஒரு பிடி பெரும்பாலும் குறைந்தது அவள் தட்டில்தான்.

விதைத்தால் நூறு மடங்கு

அமெரிக்கப் பிரசங்கி ஓரல் ராபர்ட்ஸ் பரப்பிய ‘விதை விசுவாசம்’ தொலைக்காட்சி வழியாகத் தமிழுக்கும் வந்துவிட்டது. காணிக்கை ஒரு விதை, கடவுள் அறுவடையைப் பெருக்கித் தருவார் என்பது அதன் சாரம். முடமோசியார் மறுத்த அந்த வணிகன் இங்கே மைக் பிடித்துப் பேசுகிறான். ஆனாலும் இதை ஏளனத்தோடு கடந்துவிடக் கூடாது. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாத குடும்பத்துக்குத் தன் பத்து ரூபாய்க்கும் பலன் உண்டு என்ற நம்பிக்கை எளிய பொருள் அல்ல. விளையாவிட்டால் உன் விசுவாசம் குறைவு என்று பழி கொடுத்தவர் மேலேயே திரும்புவதுதான் அதன் கொடுமை. தசமபாகம் கிறிஸ்தவர்களைக் கட்டுப்படுத்துமா என்ற சர்ச்சையும் இதன் அருகில் நிற்கிறது. பத்தில் ஒன்று என்பது கூலிக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் ஒரே விகிதம், ஒரே பாரம் அல்ல.

கூலி போக மீதியா கொடை?

இந்தக் கேள்வி ஏலமலைச் சரிவில் மற்ற இடங்களைவிடக் கூர்மையாகிறது. தேவாரம், போடி, கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கணவாய் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டும்போது இறங்குகிறார்கள். ஏலக்காயின் விலையோ மலைப்பாதையைப் போல ஏறி இறங்குவது. 2019 ஆகஸ்டில் கேரளப் பக்கத்துப் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஓரிரு ஆண்டுகளில் சராசரி ஆயிரத்துக்கு அருகே சரிந்தது. கூலி அப்படித் துள்ளுவதில்லை. விலை உச்சத்தில் இருந்த ஆண்டில் தோட்டக்காரர் ஒருவர் ஆலயத்துக்கு மணிக்கோபுரம் கட்டிக் கொடுத்தால் அது அன்பின் கொடையா, கூலியில் சேராமல் நின்ற தொகையா?

யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது. தலித் இறையியல் இதைக் கையில் எடுத்தது. மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய பறட்டை அண்ணன் என்ற தியோபிலஸ் அப்பாவு (1940–2005) ‘ஒரே உலை’ என்ற கருத்தை முன்வைத்தார். தனித்தனி அடுப்பில் ஆக்கி மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது தர்மம். ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதுதான் திருவிருந்து என்பது அதன் சாரம். நாட்டுப்புறப் பாட்டு வழியே அவர் இதைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். எடின்பரோவில் அசரியா கேட்ட பந்தி, இங்கே சமைக்கும் இடம் வரை பின்னுக்கு நகர்கிறது.

இந்தத் தரப்புக்கும் எல்லை உண்டு. நீதி முழுமையாக வரும்வரை கொடையை ஒத்திவைக்க முடியாது. 2018இல் போடிக்கு அருகே குரங்கணிக் காட்டுத்தீயின்போது காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கிய உள்ளூர்க்காரர்கள் யாரும் அமைப்பு மாறட்டும் என்று காத்திருக்கவில்லை. கூலி நியாயமாக இருக்கும் ஊரிலும் முதியவர் தனித்திருப்பார், பிள்ளை நோயில் விழும். ஒட்டன்சத்திரத்தில் 1955இல் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை போன்ற முயற்சிகள், கூட்டு வாழ்வையும் எளிய ஊதியத்தையும் ஏற்ற மருத்துவர்கள் மூலம், நீதிக்கும் கொடைக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டா என்று தேடியவை. அந்த வழி நிறுவனம் பெரிதாகும்போது எவ்வளவு தூரம் தாங்கும் என்பது வேறு கேள்வி.

தீராமல் நிற்பவை

நோக்கத்தைக் கொண்டு அன்பை அளக்கும் முயற்சி, அளப்பவருக்கே எட்டாத இடத்தில் போய் நிற்கிறது. பயனைக் கொண்டு அளப்பது கணக்குப்பிள்ளையின் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. வாங்கியவர் திரும்பக் கொடுப்பவராக, உடன் உண்பவராக மாறினாரா என்ற அளவுகோல் இவ்விரண்டையும்விட நேரடியானது என்று தோன்றுகிறது. ஆனால் அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. படுக்கையில் கிடப்பவரும் மனநலம் குன்றியவரும் எதைத் திருப்பிக் கொடுப்பார்கள்? அவர்களிடம் நைகிரனின் எதையும் நாடாத அன்புதான் மீண்டும் தேவைப்படுகிறது.

2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், வந்த பணத்தை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதைத் தடைசெய்து, நிர்வாகச் செலவை 20 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. குழந்தைகளுக்கு உதவிவந்த கம்பேஷன் இன்டர்நேஷனல் அதற்கு முன்பே, 2017இல், இந்தியாவில் பணியை மூடியிருந்தது. உள்ளூர்ப் பணம் அந்த இடத்தை நிரப்புமா என்பதை இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது. 1903இல் அசரியா விருப்பத்தோடு எடுத்த முடிவைச் சட்டம் இன்று நிர்ப்பந்தமாகத் தருகிறது. நிர்ப்பந்தத்தில் பிறக்கும் சுயசார்பை, கட்டாயத்தை விலக்கிய பவுலின் கணக்கில் எங்கே எழுதுவது?

பிடியரிசிப் பானையும் மாறிவிட்டது. 2011 ஜூன் முதல் தமிழக அரசு அரிசி அட்டைக்காரர்களுக்கு ரேஷன் அரிசியை விலையில்லாமல் தருகிறது. உலைக்குப் போகும் அரிசியே இலவசமாக வந்ததென்றால், அதில் எடுத்த ஒரு பிடி யாருடைய கொடை: அரசுடையதா, வரி கட்டியவருடையதா, தன் தட்டில் குறைத்துக்கொண்டவளுடையதா? ஆலயத்தில் சேரும் அந்த அரிசியையும் பல சபைகளில் விலைக்குத்தான் விடுகிறார்கள். சபைக்காரர்களே அதை எடுத்துக்கொண்டுபோய் மறுபடி உலையில் போடுகிறார்கள். போடுமுன் ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள்.